கடுகு மஞ்சள் வாசல்

"இது வீடா, இல்ல சினிமா செட்டா? நாளைக்கே பழைய வெள்ளைய அடிச்சு வைங்க. இல்லன்னா நான் நெல்லித்தோப்புக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

அஞ்சலாட்சி சொன்னால் செய்வாள். அது அவள் கணவர் அன்பழகனுக்கும் தெரியும். ஆனாலும் அவர் காகிதப்பூக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. சமையலறைக் கூரை ஒழுக ஆரம்பித்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. அதை விட்டுவிட்டு, ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வீட்டு முகப்பைப் பிடித்துக்கொண்டார் மனிதர். தட்டாஞ்சாவடியில் அவர் வேலை பார்க்கும் பெயின்ட் கம்பெனியில், நிறம் தப்பிப்போன டப்பாக்களைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். இடித்த வீடு ஒன்றின் பழைய ஜன்னல் கதவுகள் சல்லிசாகக் கிடைத்தன. ஆள் வைக்காமல் தானே ஏணியில் ஏறி, சுவருக்குக் கடுகு மஞ்சள், ஓரத்துக்கு வெள்ளை, கதவுக்கு நீலம் என்று அடித்தார். காலி டப்பாக்களில் செடி வைத்தார். முத்தியால்பேட்டைச் சந்துக்குள், பீச் பக்கத்துப் பிரெஞ்சு வீடு ஒன்று வழி தவறி வந்து உட்கார்ந்தது போலாகிவிட்டது.

அன்றோடு அவளுக்கு நிம்மதி போயிற்று. நிச்சயம் முடிந்த ஜோடிகளெல்லாம் படம் எடுக்க வந்து நின்றார்கள். கவுன் போட்ட ஒருத்தி, போட்ட கோலத்தின் மேலேயே ஏறி நின்றாள். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு, துணி மாற்ற அறையும் கேட்டான். எதிர்வீட்டுச் சின்னப்பாப்பா, டிக்கெட் எவ்வளவு வைக்கப் போகிறாய் என்று கிண்டலடித்தாள். அன்பழகனோ எல்லோரையும் சிரித்து வரவேற்று, "படத்தோட நம்ம தெரு பேரையும் போட்டு விடுங்கப்பா" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சொந்த மகளின் கல்யாணத்தையே பார்க்காத வீடு இது. சிவசங்கரி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருடம். அன்றைக்கே அஞ்சலாட்சி கணவரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தி, எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். மகளுக்கு போன் செய்யக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது, அவள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அன்பழகன் மறுபேச்சில்லாமல் உள்ளங்கையால் அணைத்தார். இன்றுவரை மீறியதில்லை.

"பெத்த பொண்ணு கல்யாணத்துல ஒரு போட்டோ கூட நமக்கு இல்ல. ஊர்ல இருக்கறவன் கல்யாணத்துக்கெல்லாம் நம்ம வாசல் கேக்குதா உங்களுக்கு?"

அவர் வாய் திறப்பதற்குள் வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. அஞ்சலாட்சி பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு பாய்ந்தாள். பட்டுப்புடவைப் பெண்ணும் மாப்பிள்ளையும் நீலக் கதவோரம் நின்றிருந்தார்கள். எதிர்ச் சுவரோரம் மண்டியிட்டிருந்த ஆளின் முகத்தைக் கேமரா மறைத்திருந்தது.

"யாரைக் கேட்டு எடுக்கற? எழுந்து போறியா, தலையில ஊத்தட்டுமா?"

கேமரா மெல்ல இறங்கியது.

"நான் இங்க வேணாம்னுதாம்மா சொன்னேன். இவங்கதான் இந்த மஞ்ச வீடுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க" என்றாள் சிவசங்கரி.

வாளி நங்கென்று தரையில் இறங்கியது. அஞ்சலாட்சி கணவரிடம் திரும்பினாள். "சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணீங்களே."

"பண்ணேன். போன் பண்ணல, ஆள் அனுப்பல, அவ வாசல மிதிக்கல" என்றார் அன்பழகன், செடியை விட்டுத் தலை நிமிராமல். "ஊர்ல கல்யாண ஜோடிங்களப் படம் எடுத்துப் பொழைக்கறவ, என்னிக்காவது இந்த வாசலுக்கு வந்துதானே ஆவணும்?"