எச்சில் கோப்பை

பாரிஸில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பத்தொன்பது வருஷமாய்க் கோப்பை கழுவுகிற குலநாயகம், டிசம்பர் கடைசி நத்தார் லீவில் மனைவி தவமலரோடு ஊர்சுற்றக் கிளம்பினான். இன்றைக்கு ஒரு எச்சில் கோப்பையையும் தொடுவதில்லை என்று அவளோடு பந்தயம். வென்றால் நாளைக்குக் கடல் பார்க்க ரயில். தோற்றால் லீவு முழுக்க அவன்தான் சமையல்.

மியூசியத்தில் ஒரு ராசா சாப்பிட்ட கோப்பைகள் கண்ணாடிக்குள் இருந்தன. "கழுவினவன் கெட்டிக்காரன், ஒரு கீறல் இல்லை," என்று அசையாமல் நின்றான்.

"கண்ணால கழுவினது போதும், வாங்கோ. பசிக்குது," என்று இழுத்துப் போனாள்.

ரெஸ்டோரண்டில் மீனும் வைனும் கேக்கும் முடிந்ததும் அவன் கைகள் தாமாகவே மேசைக்கு எழும்பின. அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்து மேலே உட்கார்ந்துகொண்டான். பரிமாறுகிற பெண் கேக் சாப்பிட்ட சின்னக் கோப்பைக்கு மேல் மீன் சாப்பிட்ட பெரியதை அடுக்கினாள். இது நிற்காது என்று அவன் நினைத்தான். நினைத்தபடியே அடுக்குச் சரிந்தது. தவமலர் பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறியள்? ஒருக்காப் பிடியுங்கோவன்!"

குலநாயகம் கைகளின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான்.

"முதல்ல சொல்லும், நாளைக்கு ரயில் எத்தினை மணிக்கு?"