புரண்டிருந்த காலர்

ஓய்வுபெற்ற ஜெனரல் எதிராஜை, ஒருகாலத்தில் அவர் எதிர்த்துப் போரிட்ட நாட்டுக்கே தூதராக அனுப்பினார்கள். மகன் சுதர்சன் செத்தது அந்தப் போரில்தான். அந்த மண்ணில் காலே வைக்க மாட்டேன் என்று மனைவி அமிர்தவல்லி ஊரிலேயே தங்கிவிட்டாள்.

அதிபரிடம் நியமனக் கடிதம் கொடுக்கப் போன நாளில் அந்த நாட்டு வீரர்கள் அணிவகுத்து நின்றார்கள். சம்பிரதாயத்துக்குப் பார்த்துக்கொண்டே நடந்து போக வேண்டியதுதான். ஒரு வீரனின் காலர் ஒரு பக்கம் புரண்டிருந்தது. எதிராஜின் கை, பழக்கதோஷம், தானாகப் போய் அதை நீவி மடித்தது. அப்புறந்தான் காலரில் இருந்த கழுகுச் சின்னம் கண்ணில் பட்டது. சுதர்சன் விழுந்த குன்றைப் பிடித்து வைத்திருந்த படைப்பிரிவின் சின்னம். கை அங்கேயே நின்றுவிட்டது. வீரன் இமைக்கவில்லை.

"சார், நடங்க" என்று பின்னாலிருந்து தூதரகச் செயலாளர் முணுமுணுத்தார்.

மாலையில் அமிர்தவல்லியிடம் ஃபோனில் பேசினார். சாப்பாடு, குளிர் எதையும் அவள் விசாரிக்கவில்லை.

"அங்க சிப்பாய்ங்கல்லாம் எப்படி இருக்காங்க?"

"சின்னப் பசங்க. ஒருத்தனுக்குக் காலர்கூடச் சரியா மடிக்கத் தெரியல. நம்ம சுதர்சன் மாதிரியே."



"சரிபண்ணி விட்டீங்களா?" என்றாள்.