கரடித் தலைக்குள்

மோட்டார் வைத்த கரடி வேஷம் மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது. அதன் தாடையை ஆட்டிவைக்க என்னைவிட்டால் ஏழுலகிலும் ஆளில்லை என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் நாடகக் கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். பத்து வருஷம் இதற்குள் நின்று ஆடியவன் போன மாதம் இறந்துபோனான். சாயங்காலம் புது ஆள் போட்டுப் பார்க்க வருகிறான். அதற்குள் தலையின் உட்பக்க ஸ்பாஞ்சை ஸ்பிரிட்டால் துடைத்தாக வேண்டும். துடைக்க வேண்டியவள் இறந்தவனின் மனைவி.

“உன் வீட்டுக்காரன் வேர்வை மூணு ஊருக்கு நாறுதும்மா,” என்கிறேன்.

“உங்க சுருட்டு நாத்தத்தைவிடவா அண்ணே?” என்று சிரித்தவள், கரடித் தலைக்குள் முகத்தைப் புதைக்கிறாள். ஜன்னல் வெயிலில் பழுப்பு ரோமம் மெல்ல நடுங்குகிறது.

“வீட்ல அவர் சட்டையெல்லாம் அவசரப்பட்டு துவைச்சுட்டேன்,” உள்ளிருந்து குரல் வருகிறது. “மோட்டார் வேலை இன்னும் இருக்கா அண்ணே?”

“ஒரு யுகம் ஆகும்,” என்று சொல்லி, ஜோராக ஓடும் மோட்டாரை மறுபடி கழற்றுகிறேன்.