அம்மாவின் நிழலிடம் விற்றவள்

மார்ச் 12, 2047. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை வகுப்பின் விற்பனைத் தேர்வுக்கு என் அம்மாவின் நிழலைக் கொடுத்துவிட்டேன். பேச்சும் நினைவுகளும் வாங்கும் பழக்கமும் அம்மாவைப் போலவே இருக்கும் கணினி உரு அது. அதனிடம் சமையலறை நாற்காலியை விற்பவருக்கு அந்த நாற்காலி கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை. எனக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்தேன்.

பாடத்தில் உள்ளபடி தள்ளுபடியில் தொடங்கினேன்.

"போய் ஒன் சோலியப் பாருளா," என்றது நிழல்.

அடுத்து பெனிட்டா. பகல் கல்லூரியில் பி.பி.ஏ. முடித்துவிட்டு இதே வேலைக்காகத் தேர்வுக்கு வந்தவள். நாற்காலியைப் பற்றியே பேசவில்லை.

"நின்னுக்கிட்டே சமைக்கீங்களே, கால் வலிக்கலையாம்மா?"

"ரெண்டு வருசமா வலிக்கி, கண்ணு. எம்மவகிட்ட சொன்னா அவ படிப்பு கெட்டுரும்."

நிழல் நாற்காலியை வாங்கியது. வேலை பெனிட்டாவுக்கு. முழுநேரமாகப் படித்தவர்களுக்கு இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுப்பார்களோ, அல்லது எனக்குத்தான் வராதோ, தெரியவில்லை. வேலை போனதைவிட, அவளைக் 'கண்ணு' என்றதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

நிழலிடம் வென்ற அவளுடைய விளம்பரம் நாளை மதியம் நிஜ அம்மாவின் போனுக்கும் வரும்.

நாளைய வேலை: அதற்கு முன், காலையிலேயே அம்மாவை எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்.