கட்டியின் ஓரம்

அவர் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தார்.

எதிர்ப்பக்கத்தில் அவளும் குனிந்தாள். இரண்டு பேர் ஒரே ஸ்லைடைப் பார்க்கலாம், மாணவர்களுக்காக வாங்கிய கருவி.

கன்னத்து எச்சில் சுரப்பியில் வளர்ந்த கட்டி. ஊதா நிறத்தில் செல்கள். நெருக்கமாக, அமைதியாக.

டாக்டர் தாமோதரன் இந்த நோயியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடது காதுக்குக் கீழே ஒரு பிளாஸ்திரி. ஏதோ ஒரு நர்சிங் ஹோமில் சின்னக் கட்டியை எடுத்திருந்தார்கள். அதைப் பரிசோதிக்க இங்கே அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட்டை வாங்க அவரே வந்திருந்தார்.

"டைப் ஆகுது சார். அதுக்குள்ள ஒரு கேஸ் பாத்துச் சொல்றீங்களா?" என்று, இப்போது இங்கே டாக்டராக இருக்கும் அவள்தான் உட்கார வைத்தாள்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் யாரும் அவரைக் கேட்பதில்லை.

ஸ்லைடு சர்ரென்று நகர்ந்தது. நடுவில் ஒரு பார்வை.

"பினைன்தான்மா, புற்று இல்ல. மயோஎபிதீலியல் செல்லு. ரொம்ப சாது. பேஷண்ட்ட பயப்பட வேணாம்னு சொல்லு."

அன்றைக்கும் இதையேதான் சொன்னார்.

அது பல வருஷத்துக்கு முன்னால். அவள் அவரிடம் படித்த முதுகலை மாணவி. கட்டி பூங்கோதையுடையது. பால்வாடி டீச்சர். கன்னத்தில் கை வைத்து மறைத்துக்கொண்டு பேசுவாள்.

அந்தச் செல்களைப் பற்றி வகுப்பெடுத்தவரே அவர்தான். எச்சில் சுரப்பியை விரல்களைப் போலச் சுற்றிப் பிடித்திருப்பவை. அவை இறுக்கினால்தான் எச்சில் வாய்க்கு வரும். அவையே பெருகிக் கட்டியானாலும் பார்வைக்குப் பல சமயம் சாதுவாகவே இருக்கும். முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஓரத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்திலிருக்கும் கொழுப்புக்குள் நுழைந்திருந்தால் புற்று.

"சார், ஓரத்துல உள்ள போற மாதிரி இருக்கு சார்" என்று அவள் சொன்னாள்.

அவர் ஓரத்தைப் பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகும் அவசரம். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

பூங்கோதை திரும்பி வந்தபோது நுரையீரலெல்லாம் பரவியிருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் செத்துப்போனாள்.

விசாரணையில் அவர் நிதானமாகச் சொன்னார்: "ஸ்லைடைப் பாத்தது பிஜி படிக்கிற இந்தப் பொண்ணு. அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டது என் தப்பு."

பூங்கோதையின் புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை மறித்தான். "நீதானடி பாத்த?"

காறி முகத்தில் துப்பினான்.

அவள் குழாயடிக்குப் போய்க் கழுவினாள். தண்ணீர் நின்ற பிறகும் வெறுங்கையால் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்த ஆண்டு அவளைப் பரீட்சை எழுத விடவில்லை.

இப்போது கண்ணுக்குக் கீழே இருக்கும் ஸ்லைடு தாமோதரனுடையது.

காலையிலேயே பார்த்துவிட்டாள். புற்று. சந்தேகமே இல்லை. உடனே இந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய் சர்ஜனுக்குப் போன் செய்து சொல்லியும் விட்டாள். வைத்தியத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகாது. அவருடைய உயிர் அவளுக்கு வேண்டாம்.

இது வேண்டும்.

"சார்" என்றாள். "ஓரத்தையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்."

அவர் சலித்துக்கொண்டே ஸ்லைடை நகர்த்தினார். கொழுப்பு வந்தது. வெள்ளை வெள்ளையாக, நுரை மாதிரி.

அதற்குள் ஊதா.

கை நின்றது. லென்ஸை மாற்றினார். மறுபடி குனிந்தார்.

"அட. உள்ள போயிருக்கே." குரலில் பழைய பேராசிரியர் வந்துவிட்டார். "இது கார்சினோமாம்மா. நல்ல வேளை, கேட்ட. சர்ஜன் யாரு?"

இங்கேயுள்ள சர்ஜனின் பெயரைச் சொன்னாள்.

"அவன் கொஞ்சம் இரக்கப்படுவான். கண்டிப்பாச் சொல்லிடு. முக நரம்புல ஒட்டியிருந்தா நரம்போட சேத்து எடுக்கணும். வாய் கோணும், ஒரு பக்கக் கண்ணு மூடாது. மூடாட்டிப் போகட்டும். எடுத்தும் கேரண்டி இல்ல, நுரையீரலுக்குப் போனாலும் போகும். அதையும் முன்னாடியே சொல்லிடு. மறைக்காத."

"சொல்லிடறேன் சார்."

"வயசென்ன பேஷண்ட்டுக்கு?"

"உங்க வயசுதான் சார்."

அவர் சிரித்தார். "அப்ப முகம் கோணினா என்ன, பொண்ணா பாக்கப் போறான்? யாரு ஆளு? என்ன சொன்னான்?"

இந்த நிமிடத்தை எத்தனையோ முறை மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். அதில் அவள் கத்துவாள். பூங்கோதையின் பெயரைச் சொல்வாள். சில நாள் துப்புவாள்.

இப்போது வாய் உலர்ந்திருந்தது.

"அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலை சார். ரிப்போர்ட் வாங்கத்தான் வந்திருக்கார்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்.



அவருடைய இடது கை மெதுவாக மேலே வந்தது. பிளாஸ்திரியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

அவர் நிமிரவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

"இன்னொரு தடவை பாத்துக்கட்டுமாம்மா?"

அது அவள் கேட்டறியாத குரல்.

"பாருங்க சார்" என்றாள் அவள்.

ஸ்லைடு நகரத் தொடங்கியது. மிக மெதுவாக. ஒரு மூலையைக்கூட விடாமல்.

அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.