கடலைத்தோல்

பத்திரிகையிலிருந்து பேசும் பெண் ஃபோனில் கலகலவென்று கேட்கிறாள்: "இப்ப என்ன படிக்கிறீங்க, பாக்கறீங்க, எழுதறீங்க, கொறிக்கிறீங்க? வாசகர்களுக்காக சார்." கதாசிரியர் மடியிலிருக்கும் புத்தகத்தைப் பார்க்கிறார். போன மாதம் இறந்துபோன அக்கா பாதியில் விட்டது. மத்தியான வெயில் அவளுடைய காலி நாற்காலியில் விழுந்து கிடக்கிறது. அவள் தவறவிடாத சமையல் நிகழ்ச்சி டிவியில் சத்தமில்லாமல் ஓடுகிறது. "துப்பறியும் நாவல்மா." "நீங்களா சார்!" என்று சிரிக்கிறாள் அந்தப் பெண். "டிவில சமையல் நிகழ்ச்சி. எழுத ஒண்ணும் ஓடல. கொறிக்க வேர்க்கடலை." ஃபோனை வைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டுகிறார். பக்கத்துக்குப் பக்கம் செந்நிறக் கடலைத்தோல் ஒட்டிக் கிடக்கிறது. "இது புத்தகமா, சாப்பாட்டுத் தட்டா?" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பார்! "போடா, பெரிய எழுத்தாளன். கொலைகாரன் யாருன்னு தெரியறவரைக்கும் வாயத் தெறக்காத" என்பாள் அக்கா. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தோடு தோல் நின்றுவிடுகிறது. அடுத்த பக்கம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருக்கிறது. அவர் கிண்ணத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து, இரண்டு விரலால் மெல்லக் கசக்கி, தோலை அந்தப் பக்கத்தின் நடுவில் உதிர்க்கிறார். அதற்குப் பிறகுதான் படிக்கத் தொடங்குகிறார்.