கொம்படி மஞ்சள்

நாளை செங்கோடனுக்கு ஞானஸ்நானம். கல்லுக்கு நேர்ந்தது செல்லாது என்று உபதேசியார் சொல்லிவிட்டதால், கருப்பணாருக்கு நேர்ந்துவிட்ட கிடாயை ஆட்டையாம்பட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகக் காலை வெயிலில் கழுவிக்கொண்டிருக்கிறான். நேர்ந்துவிட்ட அடையாளம் தெரிந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் அதன் நெற்றி மஞ்சளைத் தேய்க்கத் தேய்க்க அவன் நகக்கண்தான் மஞ்சளாகிறது. கொம்படியில் அப்பியது போகமாட்டேன் என்கிறது. எரிச்சலில் ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் கவிழ்க்கிறான். கிடாய் காது படபடக்க உடம்பைச் சிலுப்புகிறது. "ஏனுங்க, சிலுப்பிருச்சுங்க! வெட்டச் சொல்லிச் சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க!" என்று பதறுகிறாள் பெண்டாட்டி சாலம்மாள். "ஈரத்துக்குச் சிலுப்புது புள்ள, சும்மா இரு" என்று அதட்டிவிட்டு மறுபடியும் ஊற்றுகிறான். இந்தத் தடவை கிடாய் அசையாமல் அவனையே பார்க்கிறது. நாளை வெள்ளைக்காரப் பாதிரியார் தன் தலையில் தண்ணீர் ஊற்றும்போது தானும் இப்படித்தான் அசையாமல் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறான். அவன் பிடரி இப்போதே சிலிர்க்கிறது.